அப்பா எழுதிய கேட் ரிஜிஸ்டர்

அன்பு மகளுக்கு அம்மா எழுதுவது.

நீயும் மாப்பிள்ளையும் சின்னக்குட்டியும் உடம்புக்கு ஒன்றும் இல்லாமல் இருக்கிறீர்கள் என்று நம்பித்தான் பேனாவை எடுக்கிறேன். இங்கே நாங்கள் நலம் என்று எழுதினால் பாதி பொய், நலமில்லை என்று எழுதினால் நீ அங்கே சாப்பிடாமல் உட்கார்ந்திருப்பாய், அதனால் இருவரும் எழுந்து நடமாடுகிறோம், வேளைக்குச் சாப்பிடுகிறோம் என்று மட்டும் வைத்துக்கொள். இந்தக் காலத்தில் யாரம்மா கடிதம் எழுதுகிறார்கள் என்று கேட்பாய். கம்ப்யூட்டர் வயரைப் பிடுங்கி வைத்து மூன்று வாரம் ஆகிறது. என் பட்டன் போனில் பேசலாம்தான், ஆனால் இந்த வீட்டில் எந்த அறையில் நின்று பேசினாலும் அப்பா காதில் விழும், மாடிப்படிக்குப் போனால் கீழ்வீட்டு டெய்லர் காதில் விழும், நான் சொல்லப்போவது இரண்டு பேருக்குமே கேட்கக் கூடாதது. அதோடு போனில் நீ இடையில் பேசுவாய், நான் அழுவேன், விஷயம் பாதியில் நின்றுவிடும். குளியலறைக் குழாய் இன்னும் ஒழுகிக்கொண்டுதான் இருக்கிறது. என் முழங்கால் வலி போன வருடம் இருந்த இடத்திலேயே இருக்கிறது. போதாக்குறைக்கு ஒரு மாதத்துக்கு மேலாக உன் அப்பா வாசல் கதவுக்கு உள்பக்கம், நடக்கிற வழியில், ஒரு நாற்காலியைக் கொண்டுவந்து போட்டு வைத்திருக்கிறார். நான்கு தடவை அதில் இடித்துக்கொண்டேன். எடுத்துச் சாப்பாட்டு மேஜைப் பக்கம் போட்டால் அரை மணியில் மறுபடி வாசலுக்கு வந்துவிடுகிறது. எதற்கு என்று கேட்டால் 'இருக்கட்டும்' என்கிறார், அவ்வளவுதான் பதில்.

ஆறு வாரத்துக்கு முன்னால் நீ போனில் சொன்னது ஒரு வார்த்தை விடாமல் என் காதில் நிற்கிறது. 'அப்பாவ கம்ப்யூட்டர்ல மூணு தடவ வீடியோ கால் போட்டுக் கூப்பிட்டேன்மா, ரெண்டு தடவ கட் பண்ணினார், மூணாவது தடவ எடுத்து என் மூஞ்சிய நேருக்கு நேரா பாத்து, யார் நீங்க, உங்களுக்கு இங்க என்ன வேலைன்னு கேக்கறார், உங்கள பாக்கத்தான்பான்னு சொல்லி அழறேன், அப்பவும் கட் பண்ணிட்டார், அதுக்கப்புறம் காலே போகல, பிளாக் பண்ணிட்டார், இனி அவரா கூப்பிடாம நான் கூப்பிட மாட்டேன்' என்றாய். அன்றைக்கு நான் கண் டாக்டரிடம் போயிருந்தேன், வீட்டில் இல்லை. போன வருடம் நீ வந்து, வீட்டைப் பூட்டிவிட்டு என்னோடு வந்துவிடுங்கள் என்று சொன்னதும், அவர் கத்தியதும், லிப்ட் வாசலில் நின்றவரிடம் சொல்லிக்கொள்ளாமல் நீ இறங்கிப் போனதும் உன் மனதில் இருந்திருக்கும், அந்தக் கோபத்தை வைத்து யாரோ மாதிரி பேசிவிட்டார் என்று நினைத்தாய். நான் அவசர அவசரமாக, கோபமெல்லாம் இல்லை, கம்ப்யூட்டரில் வைரஸ் வந்திருக்கிறது, அது செய்த வேலை என்றேன். யார் நீங்க என்று கேட்டதும் வைரஸா என்றாய். ஏதோ மழுப்பினேன். அந்தப் பதிலைத் திரும்ப வாங்கிக்கொள்ளத்தான் இப்போது எழுதுகிறேன். நடந்தபடியே சொல்லிக்கொண்டு வருகிறேன், கடைசிப் பக்கத்துக்குத் தாவாமல் படி.

வைரஸ் வந்தது உண்மை. எட்டு மாதத்துக்கு முன்னால் பென்ஷன் ஆபீசுக்கு ஒரு படிவம் அனுப்ப வேண்டியிருந்தது, நான் உயிரோடுதான் இருக்கிறேன், நான்தான் நான் என்று வருடா வருடம் எழுதிக் கொடுக்கிறாரே அது. அதைத் திறக்க ஒரு புரோகிராம் வேண்டும் என்று கம்ப்யூட்டர் கேட்டது, பக்கத்தின் நடுவில் பச்சையாக இலை அகலத்துக்கு ஒரு பொத்தான் இருந்தது, அமுக்கினார். படிவம் திறந்தது. கூடவே நாலைந்து பேர் நுழைந்துவிட்டார்கள் என்பது அப்போது தெரியவில்லை. அதற்குப் பிறகு எதைத் தேடினாலும் வேறு ஏதோ பக்கம் போய் நின்றது, மேலே வானிலை சொல்ல ஒரு பட்டை, தள்ளுபடி சொல்ல ஒரு பட்டை, ராசி சொல்ல ஒரு பட்டை, எழுத்துப் படிக்கக் கையகல இடம்தான் மிச்சம். மூலையில் அடிக்கொரு தரம் ஒரு பெட்டி வந்து 'அனுமதி', 'தடு' என்று இரண்டு பொத்தானைக் காட்டும், தமிழில் கேட்கும்படி நீதான் மாற்றி வைத்துவிட்டுப் போனாய். அந்த இரண்டு வார்த்தையும் உன் அப்பாவுக்குச் சோறு போட்ட வார்த்தை. மருந்துக் கம்பெனி கேட்டில் முப்பத்தொரு வருடம் அதைத்தானே சொல்லிக்கொண்டிருந்தார். கம்பெனிப் பெயர் இருக்கிறதா, முத்திரை இருக்கிறதா, வந்த நோக்கம் எழுதியிருக்கிறதா, மூன்றும் இருந்தால் அனுமதி. கம்ப்யூட்டரில் வந்த பெட்டிகள் எல்லாவற்றிலும் மூன்றும் இருந்தன, திருட்டுப் பயல்கள் கேடய முத்திரைகூடப் போட்டு அனுப்பினார்கள். கம்பெனியில் ஒருமுறை யாரோ மைத்துனன் என்று சொல்லி உள்ளே போனவன் இரண்டு பெட்டி மருந்தோடு வெளியே வந்ததிலிருந்து அவர் பாடம் உனக்கும் தெரியும், 'சீட்டோட வர்றவன ஒரு தடவ பாரு, சொந்தக்காரன்னு சொல்லிட்டு வர்றவன ரெண்டு தடவ பாரு' என்பார். உன்னையே விட்டாரா. இரண்டாம் வகுப்பில் சாப்பாட்டு கேரியரைத் தூக்கிக்கொண்டு நீ போவாய், ரிஜிஸ்டரில் பெயர் எழுதி, நோக்கம் என்ற கட்டத்தில் 'அப்பாவைப் பார்க்க' என்று கோணல் எழுத்தில் எழுதின பிறகுதான் உள்ளே விட்டு மடியில் உட்கார வைத்துக்கொள்வார். பெற்ற பிள்ளையிடமா இந்தச் சட்டம் என்று அன்றைக்கு நான் சண்டை போட்டேன்.

பிறகு ஒரு நாள் காலை திரை முழுக்கச் சிவப்பாகி, ஆம்புலன்ஸ் மாதிரி கத்த ஆரம்பித்தது, பதினேழு வைரஸ் இருக்கிறது, உடனே இந்த எண்ணுக்குக் கூப்பிடு, கம்ப்யூட்டரை அணைக்காதே என்று எழுதியிருந்தது. அவரும் கூப்பிட்டார். வேலியில் போகிற ஓணானை எடுத்து மடியில் விட்டுக்கொண்ட கதைதான். தேன் ஒழுகப் பேசிய ஒரு ஆள் தன் ஊழியர் எண், பிரிவு, மேலதிகாரி பெயர் எல்லாம் மடமடவென்று சொன்னான், எதையோ இறக்கிக்கொள்ளச் சொன்னான், அதற்குப் பிறகு திரையில் மவுஸ் அம்பு தானாக நகர ஆரம்பித்தது. அவன் எங்கேயோ உட்கார்ந்துகொண்டு நம் வீட்டு அலமாரியைக் குடைகிறான், உன் அப்பா கைகட்டிக்கொண்டு பக்கத்தில் காவல் உட்கார்ந்திருக்கிறார். நான் ஏதோ கேட்கப் போனேன், 'தொந்தரவு பண்ணாத, ஆள் வேலை பாக்கறாரு' என்றார். நானும் வாயை மூடிக்கொண்டு நின்றேன், அதனால் அவரை மட்டும் குற்றம் சொல்ல எனக்கு வாயில்லை. அடுத்த மாதம் நம் பெயரில் எல்லாருக்கும் மெயில் போனது, இந்தப் படங்களைப் பார் என்று ஒரு லிங்க். உன் அத்தை திறந்தாள். அவள் கம்ப்யூட்டரில் பிள்ளைகள் சின்ன வயதிலிருந்து சேர்த்து வைத்திருந்த படம் அத்தனையும் போயிற்று. 'அண்ணன் அனுப்பினதுன்னுதானே தொறந்தேன், வேற யாராவதுன்னா தொடுவனா' என்று கேட்டுவிட்டுப் போனை வைத்தவள் இன்றுவரை பேசவில்லை. அன்றைக்குத்தான் வயரைப் பிடுங்கினேன். தும்பை விட்டு வாலைப் பிடிக்கிற புத்தி, வேறென்ன.

போன சனிக்கிழமை பல் டாக்டருக்கு மேல்மாடியில் கடை வைத்திருக்கும் ரிப்பேர்க்காரப் பெண்ணை வரவழைத்தேன். உன் வயதுதான் இருக்கும், அதிகம் பேச மாட்டாள். நெட்டோடு சேர்க்காமலேயே திறந்து பார்த்தாள். நம் மிஷினில் குத்திய பென் டிரைவைத் திரும்பத் தன் மிஷினில் குத்த மாட்டேன் என்று தனியாக ஒரு கவரில் போட்டாள். எனக்கு நான் வேலை பார்த்த ஆஸ்பத்திரி சலவை அறை ஞாபகம் வந்தது, தொற்று வார்டு துணியை உதறாதே, மற்றதோடு சேர்க்காதே, தனிப் பையில் கட்டு என்று இருபது வருடம் நானே மற்றவர்களைத் திட்டியிருக்கிறேன், வீட்டில் கோட்டை விட்டேன். பிரவுசரோடு ஒட்டிக்கொள்ளும் குட்டிப் புரோகிராம்கள் மட்டும் பத்தொன்பது இருந்தன. எது எப்போது வந்தது, முதலில் வந்தது எது என்று தெரிந்தால் எந்தத் தேதிக்கு முன்னால் எடுத்த நகலை நம்பலாம் என்று சொல்ல முடியும் என்றாள். அதெல்லாம் எங்களுக்கு எப்படியம்மா தெரியும் என்று நான் சொல்லிக்கொண்டிருக்கும்போதே உன் அப்பா உள்ளே போய் ஒரு நீள நோட்டைக் கொண்டுவந்து அவள் முன்னால் வைத்தார். கேட் ரிஜிஸ்டர். ஸ்கேல் வைத்துக் கோடு போட்டு, தேதி, உள்ளே வந்த நேரம், யார், எந்தக் கம்பெனி, நோக்கம், அனுமதி, வெளியே போன நேரம், குறிப்பு என்று எட்டுக் கட்டம். எட்டு மாதமாகத் திரையில் வந்த ஒவ்வொன்றையும் வந்த ஆளாக நினைத்து எழுதி வைத்திருக்கிறார், எனக்கே தெரியாது, குறுக்கெழுத்துப் போடுகிறார் என்று நினைத்திருந்தேன். அந்தப் பெண் முதலில் சிரித்துவிட்டாள், பிறகு சிரிக்கவில்லை, விரலை வைத்து ஒவ்வொரு வரியாகப் படித்தாள். 'எந்த ஆபீஸ்லயும் இப்படி ஒரு ரெக்கார்டு நான் பாத்ததில்லம்மா' என்றாள். பச்சைப் பொத்தானின் தேதியும் நிமிடமும் அதில் இருந்தன, அதை வைத்துத்தான் எல்லாவற்றையும் துடைத்துவிட்டுப் புதிதாகப் போடலாம், அதற்கு முந்தைய படங்கள் பத்திரம் என்று சொன்னாள். தேன்குரல்காரன் 10.40க்கு வந்தான், 11.55க்கு வெளியே போனான் என்று எழுதியிருந்தது. அந்த இடத்தில் நிறுத்தி, 'இவன் வெளிய போகவே இல்லம்மா, இன்னமும் உள்ளதான் உக்காந்திருக்கான்' என்று அவன் விட்டுப்போன புரோகிராமைக் காட்டினாள். உன் அப்பா எட்டிப் பார்த்தார், வேலையில் பிழை கண்டுபிடிக்கப்பட்டவர் மாதிரி முகம் சிறுத்துப்போயிற்று, போய் வாசல் நாற்காலியை நேராக்கி வைத்துவிட்டு வந்தார்.

மறப்பதற்கு முன் உனக்கும் சொல்லிவிடுகிறேன், அவள் எனக்குச் சொன்னதைத்தான். உனக்குத் தெரியாததா என்று நினைக்காதே, தெரிந்தவர்கள்தான் வழுக்கி விழுகிறார்கள். எந்தக் கம்ப்யூட்டரும் தனக்கு உடம்பு சரியில்லை என்று போன் நம்பர் கொடுக்காது, கொடுத்தால் அது திருடன் நம்பர். பிரவுசரில் என்னென்ன ஒட்டியிருக்கிறது என்று மாதம் ஒருமுறை பார், எதற்கு வைத்தோம் என்று தெரியாததைத் தூக்கு. நீ எல்லாவற்றுக்கும் சின்னக்குட்டியின் பெயரையும் பிறந்த வருடத்தையும்தானே பாஸ்வேர்டாக வைத்திருக்கிறாய், எனக்கே தெரிகிறது என்றால் ஊருக்கே தெரியும், முதலில் அதை மாற்று, மெயிலுக்கு ஒன்று, மற்றதுக்கு வேறு. நோட்டில் எழுதி அலமாரியில் வைத்தாலும் தப்பில்லை என்கிறாள், அலமாரிக்குள் கை விடுகிறவன் நம் வீட்டுக்கு வர வேண்டுமே. போனுக்கு வரும் ரகசிய எண்ணை யார் கேட்டாலும் சொல்லாதே, நானே கேட்டாலும் சொல்லாதே. அப்டேட் கேட்டால் நாளைக்கு நாளைக்கு என்று தள்ளாதே. படங்களை ஒரு டிஸ்க்கில் நகல் எடுத்து, டிஸ்க்கைக் கழற்றி வை, சொருகியே வைத்திருந்தால் அதுவும் சேர்ந்துதான் போகும். நம் பெயரில் எந்த மெயில் வந்தாலும் திறக்காதே, நானே போனில் சொன்னால் தவிர.

இனி சொல்ல வேண்டியதற்கு வருகிறேன். போகும்போது அந்தப் பெண்ணைப் படிக்கட்டு வரை கொண்டுவிட்டேன். என் மகளுடைய காலை அந்த வைரஸ்தானே தடுத்தது என்று கேட்டேன், ஆமாம் என்று சொல்லிவிட வேண்டுமே என்று இருந்தது. 'இல்லம்மா, அந்தக் கால் புரோகிராம எதுவும் தொடல. யாரோ கையால பிளாக் பண்ணியிருக்காங்க, நான் எடுத்துவிட்டுட்டேன்' என்றாள். பிறகு, 'அந்த நோட்ட நீங்க ஒரு தடவ முழுசா படிங்க' என்றாள். அவர் சாப்பிட்டுவிட்டுப் படுத்த பிறகு, சமையலறையில் உட்கார்ந்து படித்தேன். முதல் பக்கங்களில் அச்சடித்த மாதிரி எழுத்து. போகப் போக அதே ஆள் அதே நாளில் மூன்று தடவை எழுதப்பட்டிருக்கிறான், தேதிக் கட்டத்தில் பழைய வருடம் வருகிறது, ஒரு இடத்தில் மாற்றுக் காவலாளி இன்னும் வரவில்லை என்று எழுதியிருக்கிறார், அந்த மாற்றுக் காவலாளி செத்தே ஒன்பது வருடம் ஆகிறது. நான் எதையும் கவனிக்கவில்லை என்று சொன்னால் அதுவும் பொய். ஷிப்டுக்கு நேரமாச்சு என்று பெல்ட்டைத் தேடியதைப் பார்த்தேன், என்னை ஒருநாள் மதியம் 'நீங்க சாப்பிட்டாச்சா' என்று மரியாதையாகக் கேட்டதைப் பார்த்தேன், வயதாகிறது, விளையாடுகிறார் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். திங்கட்கிழமை டாக்டரிடம் கூட்டிப்போனேன். ஞாபகம் குறைந்துகொண்டு வருகிறது, ஸ்கேன் எடுத்துப் பார்க்கலாம், ஆனால் போனது திரும்பும் என்று எதிர்பார்க்காதீர்கள் என்றார். எனக்குப் பயமாக இருக்கிறது கண்ணு. நாற்பத்திரண்டு வருடத்தில் இந்த வீட்டில் எனக்கு இவ்வளவு பயமாக இருந்ததில்லை.

அந்த நோட்டில் மொத்தம் நாற்பத்தாறு பேர் வந்திருக்கிறார்கள். நாற்பத்தைந்து பேருக்கு அனுமதி. தள்ளுபடிக்காரன், ராசிக்காரன், தேன்குரல்காரன், எல்லாருக்கும். ஒரே ஒரு ஆளுக்கு மட்டும் மறுத்திருக்கிறார். நீ அழுதுகொண்டே எனக்குப் போன் செய்தாயே, அதே நாள். பார்த்து எழுதுகிறேன், ஒரு எழுத்து மாற்றவில்லை. 'காலை 11.20. பெண். வயது நாற்பது இருக்கும். கம்பெனி இல்லை. சீட்டு இல்லை. உறவு என்கிறார். நோக்கம், அப்பாவைப் பார்க்க. அனுமதி இல்லை.' உன் அப்பாவுக்கு உன் மேல் கோபமே இல்லையடி. கோபமாக இருந்திருந்தால் நன்றாக இருந்திருக்குமே என்று அந்த அடுப்படியில் உட்கார்ந்து அழுதேன். கோபம் என்றால் நீ ஒரு வருடம் கழித்து வந்தாலும் தீர்த்துக்கொள்ளலாம். இது காத்திருக்காது.

நீ வர வேண்டும். அவர் கூப்பிடட்டும் என்று இருக்காதே, அவருக்கு இனிக் கூப்பிடத் தெரியுமோ தெரியாதோ. திரையில் வேண்டாம், திரையில் வருகிறவர்கள் எல்லாரும் அவருக்கு ஒன்றுதான், நேரில் வா. மாப்பிள்ளையிடம் இந்தக் கடிதத்தைக் காட்டு, லீவு கிடைக்காது என்று சொன்னால் நான் கேட்டதாகச் சொல். வந்ததும் ஓடிப்போய்க் கட்டிக்கொள்ளாதே, மிரண்டுவிடுவார். வாசலில் நின்று பெயரைச் சொல்லு, நோட்டை நீட்டினால் எழுது, யார் நீங்க என்று கேட்டால் முகம் வாடாதே. பேத்தியையும் கூட்டி வா, அவள் எழுத்து இப்போது உன் பழைய எழுத்து மாதிரிதான் கோணலாக இருக்கிறது என்று நீ சொன்னாயே, அவள் எழுதட்டும்.

நீ நூறு வயது நல்லபடி இரு, உன் வீடு நிறைந்து இருக்கட்டும், குழந்தைக்கு என் முத்தம். பாஸ்வேர்டை மாற்ற மறக்காதே. வரும்போது உன் அடையாள அட்டையை மேல் பையிலேயே வைத்திரு. இன்னும் ஒன்று. உன்னைப் பற்றிய அந்த வரிக்கு நேராகக் குறிப்புக் கட்டத்தில், அடுத்த ஷிப்டு ஆளுக்கு எழுதுகிற மாதிரி இரண்டு வரி எழுதியிருந்தார். 'அழுதார். மறுபடி வந்தால் நாற்காலி போட்டு உட்கார வைக்கவும்.' நாற்காலியை நான் இனிமேல் எடுக்க மாட்டேன்.

இப்படிக்கு,
உன் வரவைப் பார்த்திருக்கும்
அம்மா